சேலத்துப் பாட்டு ஓடிவிட்டது, ஆனால் சொந்தத் தெருவிலேயே 'டூப்பு' என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பட்டறைப்பையன் எழுதியது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். சேலத்தில் சிவதாபுரம் பக்கம் சொந்த வீடு. அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கிலோக் கணக்கில் கூலிக்கு வேலை பார்ப்பவர், முப்பது வருஷம் ஆகப்போகிறது. நான் காலேஜ் ஹாஸ்டலில் ராப் எழுத ஆரம்பித்து, இரண்டு வருஷமாகச் சென்னையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். போன வருஷம் ஒரு பாட்டு எதிர்பாராமல் ஓடிவிட்டது. பட்டறை, நெருப்பு, கொலுசு, சேலம் என்று போகும் பாட்டு. அதில் ஒரு வரி:

'ஊதி ஊதிக் கருத்த உதடு
நான் உருக்கி ஊத்தின வெள்ளி இது'

இந்த வரியை டீசர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு சுற்றினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் தட்டுவடை செட் சாப்பிட நின்றால் நாலு பேர் செல்ஃபி கேட்கிறார்கள், கடைக்கார அக்கா காசு வாங்க மறுக்கிறார், பீட்ரூட் துருவலும் சட்னியும் சட்டையில் ஒழுக நின்று போட்டோவுக்குச் சிரிக்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் தொல்லை என்று பேட்டியில் சொல்லியிருக்கிறேன். பொய். ரொம்பப் பிடித்திருக்கிறது. யாரும் அடையாளம் கண்டுகொள்ளாத நாளில் தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை அதே கடைப்பக்கம் நடந்திருக்கிறேன்.

பிரச்சினை பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஆரம்பித்தது. எதிர்வீட்டு அண்ணன், அவரும் பட்டறைக்காரர்தான், பத்துப் பேர் இருக்கும்போது கேட்டார்: 'ஏன்டா, நீ எப்படா வெள்ளி உருக்கின? பத்தாவது லீவுல உட்கார வெச்சதுக்கு நாலாம் நாளே கண்ணு எரியுதுன்னு ஓடினவன்தானே நீ?' எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார், எதுவும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது 'காசு ஒழுங்கா வருதா?' என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் கமெண்டுகளும் கண்ணில் குத்த ஆரம்பித்துவிட்டன. 'பேட்டியில் பேசுவது மெட்ராஸ் பாஷை, பாட்டில் மட்டும் சேலமா?' என்று ஒருத்தர். 'ஊர்ப் பேரைச் சொல்லிச் சோறு தின்கிறான்' என்று இன்னொருத்தர். இங்கே ஒரு காலேஜ் விழாவுக்குக் கூப்பிட்டார்கள், மேடையில் 'சென்னையிலிருந்து வருகை தந்திருக்கும்' என்று அறிமுகம் செய்தார்கள். சொந்த ஊர் மேடையில் வெளியூர்க்காரனாக ஏறினேன்.

இப்போது பாட்டு வெளியிடுகிற கம்பெனியில் 'இன்னொரு சேலம் பாட்டு கொடு, மாம்பழம், ஸ்டீல், ஏற்காடு எல்லாம் வரணும்' என்கிறார்கள். நல்ல தொகை. எழுத உட்கார்ந்தால் எதிர்வீட்டு அண்ணன் சிரிப்புதான் காதில் விழுகிறது. நான் பார்க்காத வேலையை 'நான்' என்று பாடியது தப்பா? அப்பா வேலை என் கதை இல்லையா? ஊரை விட்டுப் போனவன் ஊரைப் பாடக் கூடாதா? திட்டுவதென்றாலும் திட்டுங்கள்.

---

பழைய_கேசட் எழுதியது:

தம்பி, உட்கார். நான் 90களில் கேசட் கடை வைத்திருந்தவன், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் சென்னை விஷயம். தமிழ் ராப் என்றாலே மெட்ராஸ் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. யோகி பி மலேசியாக்காரர், நட்சத்ரா குழுவோடு சேர்ந்து 'வல்லவன்' ஆல்பம் 2006ல் வந்தது. ஹிப்ஹாப் தமிழா ஆதி கோயம்புத்தூர். ராப்பர் அறிவு அரக்கோணம். இவர்களில் யார் சென்னைக்காரர்? எல்லோரும் சென்னைக்கு வந்து வேலை பார்த்தார்கள், சரி, ஸ்டுடியோவும் சினிமாவும் அங்கே இருக்கின்றன. பிழைக்கப் போனதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதே.

இரண்டாவது, இந்த 'நிஜமா டூப்பா' சண்டை ராப்போடு கூடவே பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ என்கிற அடுக்குமாடிக் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய பார்ட்டியைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பார், ஒரு இசையின் பிறப்புக்கே கதவு எண் இருக்கிறது. ராப்பர்களில் நாஸ் என்றால் குயின்ஸ்பிரிட்ஜ், கெண்ட்ரிக் லமார் என்றால் காம்ப்டன், அவரவர் வளர்ந்த இடம். ஜே. கோல் 2014ல் போட்ட ஆல்பத்தின் பெயரே அவர் சின்ன வயதில் இருந்த வீட்டு விலாசம்தான். கையைவிட்டுப் போன அந்த வீட்டைத் திரும்ப விலைக்கும் வாங்கினார். விலாசம் சொல்லிப் பாடுகிற சங்கீதம் இது, அதனால் விலாசம் தப்பாக இருந்தால் விடமாட்டார்கள்.

தப்பான விலாசத்துக்கு வனில்லா ஐஸ் கதை தெரியுமா? 1990ல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் பாட்டு அவருடையது. அவ்வளவு உயரம். அப்புறம் அவர் பெயரில் கம்பெனி வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பில், மயாமியின் முரட்டுத் தெருவில் வளர்ந்த மாதிரி எழுதியிருந்ததை டல்லாஸ் பத்திரிகை ஒன்று தோண்டி எடுத்துவிட்டது. ஆள் டல்லாஸ் பக்கத்துப் பையன். அதோடு பெயர் கெட்டதுதான், எழுந்திருக்கவே முடியவில்லை. அவர் டல்லாஸையே பாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

உன் விஷயம் அந்த அளவுக்கு இல்லை. நீ சேலத்துப் பையன்தான், அப்பா பட்டறைக்காரர்தான். ஒரே ஒரு சொல்தான் பொய், 'நான்'. கம்பெனிக்காரன் கேட்கிற பட்டியல் பாட்டு அதைவிட மோசம் என்பது என் கருத்து, ஆனால் காசு விஷயத்தில் நான் எதுவும் சொல்ல மாட்டேன். கேசட் கடை வைத்து நஷ்டப்பட்டவன்.

---

நொறுக்கல்_ரெண்டு_பார்சல் எழுதியது:

அதெல்லாம் இருக்கட்டும், பாட்டு லிங்க்கைப் போடுங்கள் ப்ரோ.

---

பட்டறைப்பையன் எழுதியது:

போட மாட்டேன் ப்ரோ :)

---

வெள்ளித்தூள் எழுதியது:

பாட்டு எதுவென்று எனக்குத் தெரியும், என் பையன் நாள் முழுக்க அதைத்தான் போடுகிறான். நான் சேலம் பனங்காடு பகுதியில் கொலுசு பற்றவைக்கிற வேலை பார்க்கிறேன், இருபத்தி இரண்டு வருஷம். யார் பாட வேண்டும், யார் பாடக் கூடாது என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். யார் வேண்டுமானாலும் பாடுங்கள், எங்களைப் பற்றி யாராவது பாடினால் சந்தோஷம்தான். ஆனால் வேலையைத் தப்பாகப் பாடினால் எரிச்சல் வருகிறது.

உன் பாட்டில் ஒரே ஆள் வெள்ளியை உருக்குகிறான், கம்பி இழுக்கிறான், பற்றவைக்கிறான், மெருகு போடுகிறான், கடைசியில் கொலுசை ஒரு பெண் காலில் மாட்டியும் விடுகிறான். தம்பி, சேலத்தில் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. உருக்குகிற இடம் வேறு. கம்பி இழுக்கிற மெஷின் வேறு ஒருத்தரிடம். கண்ணி கோர்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், வாசலில் உட்கார்ந்து, சீரியல் ஓட ஓட. பற்றவைப்பது நாங்கள். மெருகு வேறு. ஒரு ஜோடிக் கொலுசு காலுக்குப் போவதற்குள் ஏழெட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கும். உன் அப்பா பார்ப்பது இதில் எந்த வேலை என்று உனக்குத் தெரியுமா? நிஜமாகவே கேட்கிறேன்.

அடுத்தது, 'ஊதி ஊதிக் கருத்த உதடு'. வாயால் ஊதுகிற குழலை எங்கள் பட்டறையில் தூக்கிப் போட்டுப் பல வருஷம் ஆகிறது, இப்போது கேஸ்தான். எங்கள் ஆட்களில் உதடு கருத்தவன் இருந்தால் அது பீடியால் கருத்தது.

கருத்தது எது தெரியுமா, விரல் நுனி. சூடு பட்டுப் பட்டு ரேகையே சரியாக இருக்காது, ரேஷன் கடை மெஷினில் கட்டை விரலை மூன்று தடவை நாலு தடவை வைக்க வேண்டியிருக்கும், பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். இதை எழுதியிருக்கலாம். வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், கொலுசாகத் திருப்பிக் கொடுக்கும்போது எடை போட்டு வாங்குவார்கள், சேதாரம் இவ்வளவுதான் என்று கணக்கு இருக்கிறது, அதற்கு மேல் குறைந்தால் கூலியில் கை வைப்பார்கள். அதனால் கூட்டின குப்பையைக் கூடத் தெருவில் கொட்ட மாட்டோம், அதில் வெள்ளித்தூள் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் லுங்கியை உதறுவது கூடப் பட்டறைக்கு உள்ளேதான். வெள்ளி விலை ஏற ஏற எங்களுக்கு என்னவோ லாபம் என்று நினைக்கிறார்கள், விலை ஏறினால் கொலுசு வாங்குகிறவர்கள் குறைவார்கள், எங்களுக்கு வேலை குறையும், அவ்வளவுதான். இதில் எது உன் பாட்டில் இருக்கிறது? நெருப்பு நெருப்பு என்று பதினோரு தடவை வருகிறது. எண்ணினேன்.

---

மிளகுக்கொடி எழுதியது:

அண்ணா, நான் ஏற்காட்டு மலையில் ஒரு கிராமம். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நடந்தே போகிற தூரம். எனக்கும் அந்தப் பாட்டு தெரியும், அதில் நடுவே நாலு விநாடி எங்கள் மலை வருகிறது. ட்ரோன் ஷாட். கொண்டை ஊசி வளைவு, மேகம், நீங்கள் கையை விரித்துக்கொண்டு நிற்கிறீர்கள், வரி 'எங்க மலை எங்க கோட்டை'.

கோபம் இல்லை, சிரிப்புத்தான் வந்தது. இருபது வளைவையும் ஏறி, ஏரியில் போட் விட்டு, லேடீஸ் சீட் வியூ பாயிண்டில் நின்று கீழே சேலத்து லைட்டைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் இது 'எங்க மலை'தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் பஸ் கீழே போக முடியாமல் கார்களுக்கு நடுவில் நிற்கும்போது நாங்களும் மனதுக்குள் யார் மலை என்று கேட்டுக்கொள்வோம். இங்கே காப்பித் தோட்டம் 1820களில் வெள்ளைக்காரக் கலெக்டர் காலத்திலேயே வந்தது என்பார்கள். அதற்கு முன்னாலும் இங்கே ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் பேரப் பிள்ளைகள்தான் இன்றைக்கும் அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறிக்கிறார்கள். என் அம்மாவும்தான். மார்கழிக் குளிரில் விடியற்காலையில் பனியில் நனைந்த செடிக்குள் நுழைந்தால் பத்து நிமிடத்தில் இடுப்பு வரை ஈரம். பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும், பச்சை கலந்தால் திட்டு. மிளகு இன்னும் மோசம், மரத்தில் ஏணி சாய்த்து ஏற வேண்டும்.

அறிவு எழுதிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021ல் வந்தபோது நாங்கள் இங்கே அதை எத்தனை தடவை கேட்டோம் என்று கணக்கே இல்லை. அதற்குள் அவருடைய பாட்டி வள்ளியம்மாள் கதை இருக்கிறது, நிலமில்லாமல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். அறிவு தேயிலை பறித்ததில்லை, பாட்டியிடம் கேட்டார். கேட்டதைக் கேட்டதாகவே எழுதினார், அதனால் எங்களுக்கு அது எங்கள் வீட்டுப் பாட்டி மாதிரி இருந்தது. நீங்கள் ஏன் அப்பாவிடம் கேட்கவில்லை?

பட்டியல் பாட்டுக்கு ஏற்காடு வேண்டும் என்றால் மலையை விட்டுவிடுங்கள், பஸ்ஸை எழுதுங்கள். சனிக்கிழமை மேலே ஏறுகிற கடைசி பஸ். அதில்தான் நாங்கள் எல்லோரும் இருப்போம்.

---

பெங்களூரில்_ஒரு_சேலத்தான் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து பையனை ஓட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் அவன் பக்கம் பேசுகிறேன்.

'பேட்டியில் மெட்ராஸ் பாஷை' என்கிறவர்களிடம் கேட்கிறேன், சேலத்து பாஷை என்றால் எது? நான் அம்மாபேட்டையில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் சௌராஷ்டிரம், எங்கள் தாத்தாவோடு தறி ஓட்டியவர் வீட்டில் கன்னடம். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது எல்லாம் கலந்த ஒரு தமிழ். மேற்கே போனால் 'ங்க' கூடும், ஆத்தூர்ப் பக்கம் போனால் குறையும். இதில் எதை வைத்து அவனுக்கு டெஸ்ட் வைப்பீர்கள்? நான் பெங்களூருக்கு வந்து பதினாலு வருஷம், என் தமிழே இப்போது மூன்று மாதிரி இருக்கிறது, அம்மாவிடம் பேசும்போது ஒன்று, ஆபீசில் ஒன்று, ஆட்டோவில் ஒன்று. நான் டூப்பா?

அப்புறம் இந்த 'நான்' விவகாரம். ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? நம்மூர் ஆட்கள் சிவன், பார்வதி, முருகன் என்று வேஷம் கட்டி, ஜோடித்த வண்டியில் ஏறி அசையாமல் உட்கார்ந்து வருவார்கள். ஊரே ரோட்டில் நின்று பார்க்கும். எங்கள் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் வருஷா வருஷம் ஏறுவார், முகத்தில் நீலம் பூசிக்கொண்டு. அவரைப் பார்த்து யாராவது 'நீ எப்பய்யா கைலாசத்தில் இருந்தே?' என்று கேட்டதுண்டா? பாட்டும் ஒரு வேஷம்தான். பாடுகிற 'நான்' வேறு, பாடுகிறவன் வேறு. நம் சங்கப் பாட்டிலேயே தலைவி பேசுகிற மாதிரி ஆண் புலவர்கள் எழுதவில்லையா? ராப்புக்கு மட்டும் ஏன் ஆதார் கார்டு?

மாம்பழம், ஸ்டீல், ஏற்காடு பட்டியலை மட்டும் தயவுசெய்து எழுதாதே. ஏற்கெனவே ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச் முன்னால் நின்று கையை ஆட்டாத ஒரு ரீல்ஸ் கூட நம் ஊரில் மிச்சமில்லை. 1935ல் சுந்தரம் முதலியார் இங்கே ஆரம்பித்த ஸ்டுடியோ நூற்றுக்கு மேல் படம் எடுத்தது, முதல் மலையாளப் பேசும் படம் கூட சேலத்தில் எடுத்ததுதான். அதில் இன்றைக்கு நிற்பது ஒரு வளைவு. அதன் முன்னால் நின்று 'எங்க ஊரு கெத்து' என்று பாடுகிறவர்கள், அந்த வளைவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஒரு வரி எழுதினால் தேவலை.

---

வெள்ளித்தூள் எழுதியது:

பெங்களூர் சார், வண்டி வேடிக்கை நல்ல உதாரணம்தான். ஆனால் அங்கே வேஷம் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். சிவன் வேஷம் கட்டினவர் மறுநாள் காலையில் டீக்கடையில் நிற்பார், யாரும் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள். தம்பி மேடையை விட்டு இறங்கிப் பேட்டியிலும் 'பட்டறை நெருப்புல வெந்தவன் நான்' என்றான். அதைத்தான் எதிர்வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் தப்பில்லை.

---

பழைய_கேசட் எழுதியது:

வெள்ளித்தூள் சொன்னதுதான் சரி. பேட்டியை விட்டுவிட்டேன் நான்.

---

நொறுக்கல்_ரெண்டு_பார்சல் எழுதியது:

கண்டுபிடித்துவிட்டேன். நெருப்பு பதினோரு தடவை என்று சொன்னதை வைத்துத் தேடினேன். பன்னிரண்டு தடவை வருகிறது, கடைசியில் ஒன்று மெதுவாக வருவதை அண்ணன் விட்டுவிட்டார்.

---

பட்டறைப்பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளித்தூள் அண்ணா கேட்ட கேள்விக்கு எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்றால் 'கொலுசு வேலை' என்பேன், அவ்வளவுதான் தெரியும். வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஊருக்கு வந்தேன், சனிக்கிழமை முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்தேன். வேலை செய்யவில்லை, சும்மா பார்த்தேன். அப்பா பற்றவைக்கிறார். கண்ணிகளை வரிசையாக வைத்து, பற்றவைக்கிற பொடி தூவி, கேஸ் நெருப்பைக் காட்டினால் ஒரு கணம் பொடி மினுங்கி ஓடி ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒரு கணத்தில் நெருப்பை எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் கண்ணியே உருகிவிடும். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை அப்படி எடுத்தார் என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். கண் எரிந்தது, ஆனால் இந்தத் தடவை ஓடவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது வரியை மாற்றப் போவதாகச் சொன்னேன், 'நான்' என்கிற இடத்தில் 'அப்பா' என்று. உடனே வேறு பிரச்சினை. 'நான்' ஒரு தட்டில் முடிகிறது, 'அப்பா' இரண்டு தட்டு இழுக்கிறது, பீட் தள்ளிப்போகிறது. 'அப்பன்' என்று குறுக்கிப் பார்த்தேன், அம்மா 'அப்பனா, யாருடா அப்பன்?' என்று கரண்டியோடு வந்துவிட்டார். கடைசியில் முந்தின சொல்லை வெட்டி ஒரு தட்டைக் காலியாக விட்டேன். மேடையில் பாடும்போது இனி அப்படித்தான். பேட்டியில் சொன்னதற்கும் அடுத்த பேட்டியில் பதில் சொல்லிவிடுகிறேன், பட்டியல் பாட்டு வேண்டாம் என்று கம்பெனிக்கும் சொல்லியாகிவிட்டது, அவர்கள் இன்னும் பதில் அனுப்பவில்லை. மிளகுக்கொடி, அந்தக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

அப்பாவிடம் புது வரியை வாசித்துக் காட்டினேன். விரல் ரேகை வரி வந்ததும் தன் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், 'நல்லா இருக்கு. அந்தக் கொலுசைப் பொண்ணு காலில் மாட்டிவிடறதை எடுத்துடு, உங்கம்மா கேட்டா வம்பு' என்றார்.

---

மிளகுக்கொடி எழுதியது:

ஸ்டாண்டில் கேட்டுவிட்டு வாருங்கள் அண்ணா, மழை நாளில் அது எப்போது கிளம்பும் என்று டிரைவருக்கே தெரியாது. ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள், ஏறும்போது வாந்தி எடுப்பவர்களுக்கு அந்த சீட்டு.